தூண்டிலுக்கு எந்த இரை?

பெரும்போக அறுவடை முடிந்ததும் நமது குளக்கட்டுகளில் தூண்டில்காரரைக் காண்கிறோம். எல்லா மீனும் ஒரே இரைக்கு அகப்படுவதில்லை. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவுக்கு மண்புழுத் துண்டோ, பிசைந்த கோதுமை மாவோ போதும். கெளுத்தி இரவில் அடித்தரையில் இரை தேடும். ஆகவே புழுவை அடியிலேயே கிடக்க விடவேண்டும். விராலோ அசையும் இரையைப் பாய்ந்து பிடிக்கும். அதற்குச் சிறு மீனைக் கொளுவலாம்.

மிருதுவான பிளாஸ்டிக் புழுக்களும் தவளைகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. இழுக்கும்போது உயிருள்ளவைபோல் நெளிவதால் விரால் ஏமாறுகிறது. கலங்கிய நீருக்குக் கரிய நிறமும், தெளிந்த நீருக்கு மங்கிய நிறமும் பொருந்தும். கழன்றவற்றைக் குளத்தில் விடலாகாது. மீன் விழுங்கினால் அவை செரிப்பதில்லை.

இரையைவிட முக்கியமானது ஒன்றுண்டு. விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் திரியும்போது, பெரிய விரால் அருகே காவல் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும், பசி இல்லாவிடினும், குஞ்சுகளைக் காக்கவே பாயும். ஆகவே பிடிப்பது சுலபம். ஆனால் காவல் போனபின் குஞ்சுகளைப் பிற மீன்களும் பறவைகளும் தின்றுவிடும். ஒரு நேரக் கறிக்காக ஒரு குடும்பத்தையே அழித்தவர்களாவோம். எனவே குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் செல்வோம். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்போம்.