இறைச்சிக்கு மாற்றான உணவுகள்: சுவையும் விலையும்

நுழையுமுன்

விலையை மட்டும் பார்த்துப் பொருள் வாங்குவோர் உளர். விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்குவோரும் உளர். இவ்விரண்டையும் விடுத்து, ஒப்பிட்டு அறிந்து வாங்குவது எவ்வாறு? அதனை அன்றாட உணவுப் பொருள் ஒன்றைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

பலவகை மாற்றுணவுகள்

இறைச்சியை உண்ணாதவர்களும், உண்பதைக் குறைத்துக்கொள்ள விரும்புபவர்களும் அதற்கு ஈடாகத் தாவர உணவுகள் சிலவற்றைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் இந்தியாவில் பெரிதும் அறியப்பட்டது சோயாத் துண்டு ஆகும். தமிழ்நாட்டில் இதனை ‘மீல் மேக்கர்’ என்பர். பஞ்சாபில் ‘நியூட்ரி’ என்பர். அங்குள்ள தெருவோரக் கடைகளில் விற்கப்படும் ‘நியூட்ரி குல்சா’ பெயர்பெற்ற சிற்றுண்டியாகும்.

தில்லியிலும் அதனைச் சுற்றியுள்ள நகரங்களிலும் ‘சோயா சாப்’ என்னும் உணவு மிகுதியாக விற்பனையாகிறது. சோயா மாவையும் மைதாவையும் பிசைந்து, நாடாவாக நீட்டி, குச்சியில் சுற்றி வேகவைத்து இதனைச் செய்வர். பலாக்காயும் இவ்வரிசையில் இடம்பெறுவதே. வேகவைத்தால் நார்நாராகப் பிரியும் இயல்பினால், வங்காளத்தில் அதற்கு ‘மர ஆடு’ எனப் பொருள்படும் பெயர் வழங்குகிறது. சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவும் கடைகளில் கிடைக்கிறது.

அண்மைக் காலத்தில் ‘தாவர இறைச்சி’ என்னும் பெயரில் புதுவகைப் பொருள்கள் வந்துள்ளன. சோயா, பட்டாணி முதலியவற்றின் புரதத்துடன் எண்ணெயும் மணப்பொருள்களும் சேர்த்து, இறைச்சியைப் போன்ற தோற்றமும் மென்மையும் உடையனவாக இவற்றைச் செய்கின்றனர். இவை பெரும்பாலும் கடையின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விற்கப்படுகின்றன.

சோயாத் துண்டு உருவாகும் முறை

மத்தியப் பிரதேசமும் மகாராட்டிரமும் இந்தியாவில் சோயா மிகுதியாக விளையும் மாநிலங்கள். அங்கு விளையும் சோயாவிலிருந்து முதலில் எண்ணெய் பிரித்தெடுக்கப்படுகிறது. எஞ்சும் பிண்ணாக்கு புரதம் நிறைந்தது. உணவுக்கு ஏற்ற வகையில் தூய்மை செய்யப்பட்ட அதனை மாவாக்கி, நீர் சேர்த்து, ஓர் எந்திரத்தினுள் செலுத்துவர். அங்குச் சுழலும் திருகு, மாவை மிகுந்த வெப்பத்துடனும் அழுத்தத்துடனும் சிறு துளை வழியே வெளியே தள்ளும். வெளியே வந்தவுடன் அழுத்தம் குறைவதால், மாவிலுள்ள நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிறது. அவ்வாவி விட்டுச்செல்லும் நுண்துளைகளே சோயாத் துண்டுக்குக் கடற்பஞ்சு போன்ற அமைப்பைத் தருகின்றன.

எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பொருளிலிருந்து செய்யப்படுவதாலும், உலர்ந்த நிலையில் நெடுநாள் கெடாமல் இருப்பதாலும் இதன் விலை குறைவாக உள்ளது.

உலர் எடையும் ஊறிய எடையும்

உலர்ந்த சோயாத் துண்டு 100 கிராமில் ஏறத்தாழ 52 கிராம் புரதம் உள்ளது. சமைக்காத கோழி இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் அல்லது அதற்குச் சற்று மிகுதியான புரதம் உள்ளது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து, ‘கோழியைவிட இரு மடங்குப் புரதம்’ என்று கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்று பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று.

சோயாத் துண்டை உலர்ந்த நிலையில் எவரும் உண்பதில்லை. வெந்நீரில் ஊறியபின் அதன் எடை ஏறத்தாழ மும்மடங்காகிறது. ஆகவே ஊறிய துண்டு 100 கிராமில் 17 கிராம் அளவிலேயே புரதம் இருக்கும். உலர் பொருளை உலர் பொருளோடும், உண்ணும் நிலையில் உள்ளதை அந்நிலையில் உள்ளதோடும் ஒப்பிடுவதே முறையாகும்.

அவ்வாறு ஒப்பிட்ட பின்னும் சோயாவின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தும் சோயாப் புரதத்தில் உள்ளன. வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 0.83 கிராம் புரதம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. இதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம் தேவை. உலர்ந்த சோயாத் துண்டு 50 கிராமை ஊறவைத்துச் சமைத்தால், அத்தேவையில் பாதி நிறைவேறிவிடும்.

விலையை ஒப்பிடல்

ஒவ்வொரு பொட்டலமும் ஒவ்வோர் எடையுடையது. எனவே பொட்டலத்தின் விலையைக் கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. 10 கிராம் புரதத்திற்கு நாம் கொடுக்கும் விலை எவ்வளவு என்று கணக்கிட்டால் உண்மை புலப்படும். கீழ்க்காணும் விலைகள் கணக்கை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை.

அ) சோயாத் துண்டு 200 கிராம், விலை 52 ரூபாய். மொத்தப் புரதம் 104 கிராம். 10 கிராம் புரதத்தின் விலை 5 ரூபாய்.

ஆ) பனீர் 200 கிராம், விலை 90 ரூபாய். 100 கிராமில் 18 கிராம் எனக் கொண்டால், மொத்தப் புரதம் 36 கிராம். 10 கிராம் புரதத்தின் விலை 25 ரூபாய்.

இ) தாவர இறைச்சி 250 கிராம், விலை 300 ரூபாய். 100 கிராமில் 16 கிராம் எனக் கொண்டால், மொத்தப் புரதம் 40 கிராம். 10 கிராம் புரதத்தின் விலை 75 ரூபாய்.

பலாக்காயை இக்கணக்கில் சேர்ப்பது பயனற்றது. அதன் புரதம் 100 கிராமில் 3 கிராமுக்கும் குறைவு. இறைச்சியின் நார்த்தன்மையை அது தரும், புரதத்தைத் தராது. பலாக்காய் பிரியாணி உண்ணும் நாளில் பருப்போ தயிரோ உடன் இருத்தல் நலம்.

சுவையை ஒப்பிடல்

விலையை எண்களால் அளந்துவிடலாம். சுவையை அவ்வாறு அளத்தல் அரிது. எனினும் நடுநிலையோடு சோதிக்க வழி உண்டு. ஒரே மசாலாவில் பொருள்களைத் தனித்தனியே சமைத்து, கிண்ணங்களுக்குப் பெயரிடாமல் எண்மட்டும் இட்டு, உண்போர் அறியாவண்ணம் பரிமாற வேண்டும். ஒன்றைச் சுவைத்தபின் நீர் அருந்தி அடுத்ததைச் சுவைக்க வேண்டும். மணம், மெல்லும் பதம், சாறு நிற்கும் தன்மை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடவேண்டும். விலையும் விளம்பரமும் நாவை ஏமாற்றாதிருக்க இதுவே வழி.

சோயாத் துண்டில் ஒருவகைப் பச்சை வாடை உண்டு. உப்பிட்ட வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நன்கு பிழிந்தால் அது பெரிதும் நீங்கும். பிழிந்த துண்டின் நுண்துளைகளில் குழம்பு ஏறுவதால், அதன் சுவை பெரும்பாலும் குழம்பின் சுவையே. குறை கூறுமுன் ஊறவைத்த முறை சரியானதா என்று பார்த்தல் வேண்டும். தந்தூரி அடுப்பில் சுடுவதற்குச் சாப் ஏற்றது. மெல்லிய குழம்புக்கு டோஃபு ஏற்றது. தாவர இறைச்சி, உருவிலும் பதத்திலும் இறைச்சியைப் பெரிதும் நெருங்கி நிற்கிறது.

மேலுறையைப் படித்தல்

பச்சை நிறச் சதுரத்தினுள் பச்சை வட்டம் சைவ உணவைக் குறிக்கும். பழுப்புச் சதுரத்தினுள் பழுப்பு முக்கோணம் அசைவ உணவைக் குறிக்கும். சைவக் குறியீடு உள்ள பொருளில் பால் இருக்கக்கூடும், முட்டை இராது. சேர்பொருள்கள் எடை மிகுந்ததில் தொடங்கி இறங்கு வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். சாப் பொட்டலத்தில் சோயாவுக்கு முன்பாக மைதா இடம்பெற்றிருந்தால், அது பெரும்பாலும் மைதாவே என்று உணரலாம். சோயா, கோதுமை, பால் ஆகியவற்றால் ஒவ்வாமை உடையோர் அவை பற்றிய அறிவிப்பைத் தவறாது படிக்க வேண்டும்.

சோடியத்தின் அளவும் நோக்கத்தக்கது. 400 மில்லிகிராம் சோடியம் என்பது ஏறத்தாழ 1 கிராம் உப்பு ஆகும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சோயாத் துண்டில் நாம் இடும் உப்பே உப்பு. பொரித்தவுடன் உண்ணத்தக்க பொருள்களிலோ உப்பு முன்னரே சேர்க்கப்பட்டிருக்கும்.

எது சிறந்தது?

இவ்வினாவுக்கு முன் மற்றொரு வினா உண்டு: எதற்காக வாங்குகிறோம்? குறைந்த வருவாயில் ஒரு குடும்பம் முழுமைக்கும் புரதம் வேண்டுமெனில், சோயாத் துண்டும் பருப்பும் போலப் பயன்தருவன சிலவே. இறைச்சி உண்டு பழகியவர், அச்சுவையை இழக்காமல் அதனை விட விரும்பினால், தாவர இறைச்சியின் கூடுதல் விலை அவருக்கு வீண்செலவன்று. அவர் புரதத்திற்காக மட்டுமன்றி, அச்சுவைக்காகவும் விலை கொடுக்கிறார். விருந்தினர்க்குச் சுவையான கறி படைப்பதே நோக்கமாயின், பலாக்காயே போதும்.

விலை உயர்ந்தது என்பதால் சத்து மிகுந்ததாகாது. விலை குறைந்தது என்பதால் தாழ்ந்ததும் ஆகாது. தேவையை அறிந்து, மேலுறையைப் படித்து, கணக்கிட்டு வாங்குபவரின் பணமே முழுப்பயன் தரும்.

பயிற்சி

1. சோயாத் துண்டில் நுண்துளைகள் எவ்வாறு உண்டாகின்றன?
2. ‘கோழியைவிட இரு மடங்குப் புரதம்’ என்னும் கூற்று முழு உண்மையன்று. ஏன்?
3. டோஃபு 300 கிராமின் விலை 90 ரூபாய். 100 கிராமில் 12 கிராம் புரதம் உள்ளது எனில், 10 கிராம் புரதத்தின் விலையைக் கண்டறிக.
4. உங்கள் வீட்டிலுள்ள உணவுப் பொட்டலம் ஒன்றின் மேலுறையைப் படித்து, அதிலிருந்து அறிந்தவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.