மாணவர் செயலிக்கு ஒரு சிற்றிடம்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய், செடெனாக், நூசாஜாயா ஆகிய வட்டாரங்களில் அண்மை ஆண்டுகளில் பெருந்தரவு மையங்கள் பல எழுந்துள்ளன. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தி வைத்ததும், இக்கரையில் நிலம் எளிதாகக் கிடைத்ததும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும். ஆயினும், இம்மாநிலத்தில் கணினியியல் பயிலும் மாணவர் தாம் எழுதிய செயலியை உலகிற்குக் காட்ட விழைந்தால், அவருக்குத் தேவைப்படுவது அரை கிகாபைட் நினைவகம் கொண்ட ஒரு வாடகை வழங்கி, அதாவது சர்வர், மட்டுமே. அதன் விலை என்ன என்று வினவுமுன், அங்கே நம் தரவு நிலைத்திருக்குமா என்று வினவ வேண்டும்.

மாணவர் ஒருவர் தமிழ்ப்பள்ளிகளுக்கான சொல்வங்கி ஒன்றை உருவாக்குகிறார் எனக் கொள்வோம். அதில் மூன்று பகுதிகள் உள்ளன. முகப்புப் பக்கங்கள் வெறும் கோப்புகள். கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் அவற்றை இலவசமாகவே ஏற்றுக்கொள்கின்றன. பின்னணி நிரலோ யாரும் வாராத நேரத்திலும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. தரவுத்தளம் வட்டில் இடம் பிடிப்பதோடு, என்றும் அழியாதிருக்க வேண்டியது. செலவு பிறப்பது பின்னிரண்டிலுமே.

இச்செலவைத் தாமே ஏற்று இலவச இடம் தந்தவற்றுள் புகழ்பெற்றது ஹெரோக்கு. 2007இல் தோன்றிய அச்சேவையில் வலையேற்றம் பழகிய மாணவர் உலகெங்கும் உண்டு. 2022 நவம்பர் 28 முதல் அது தன் இலவசத் திட்டங்களை நிறுத்தியது. உரிய காலத்தில் இடம் மாற்றாதவர்களின் செயலிகள் நின்றுபோயின. இன்று பலர் நாடும் ரெண்டர் சேவையின் இலவசத் திட்டத்தில், 15 நிமிடம் எவரும் வாராவிடில் செயலி உறங்கிவிடும். மீண்டும் விழித்தெழ ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். பாடவேளையில் அந்த ஒரு நிமிடம் மிக நீண்டது! அதனினும் கடுமையானது வேறொன்று: செயலி தன் வட்டில் எழுதிய கோப்புகள், அது மறுமுறை தொடங்கும்போது மறைந்துவிடும். எஸ்கியூலைட் கோப்பில் சொற்களைச் சேமித்தவர் காலையில் வெற்றுப் பட்டியலையே காண்பார். ஆக, இலவச இடம் செய்துகாட்டுவதற்கு ஏற்றது. சேமித்து வைப்பதற்கு ஏற்றதன்று.

டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் சிங்கப்பூரில் அமைந்த சிறு வழங்கியை மாதம் 4 அமெரிக்க டாலருக்கு, அதாவது ஏறக்குறைய 20 ரிங்கிட்டுக்குள், வாடகைக்குத் தருகிறது. நீரிணைக்கு அப்பால் இருப்பதால் ஜொகூரிலிருந்து விடையும் விரைந்து வரும். அமேசானும் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மேகக் கணிமை வட்டாரத்தைத் திறந்தது. எனினும் அங்குக் கட்டணம் பயன்பாட்டைப் பொறுத்து ஏறுமாதலால், செலவு எச்சரிக்கையை முதலிலேயே அமைத்தல் வேண்டும். தொடக்க நிலை மாணவருக்கு மாறாத மாத வாடகையே நன்று என்பது என் கருத்து. அங்கு லினக்ஸை நிறுவுதல், கடவுச்சொல்லை விடுத்துச் சாவிக்கோப்பால் நுழைதல், எஞ்சின்எக்ஸை முன்னிறுத்துதல், லெட்ஸ் என்க்ரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழைப் பெறுதல் ஆகியவற்றைத் தம் கையாலேயே செய்ய நேரும். அரை கிகாபைட்டில் நிரலைத் தொகுக்க முயன்றால் நினைவகம் தீர்ந்து இடையில் நின்றுவிடலாம். ஆதலால் சொந்தக் கணினியில் தொகுத்து, விளைந்த கோப்புகளை மட்டும் ஏற்றுவது எளிது.

தமிழ்த் தரவுக்கென ஒரு தனிச் சிக்கலும் உண்டு. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. எனவே குறியெண் வரிசைப்படி அடுக்கினால் ‘அன்பு’ முன்னும் ‘அப்பம்’ பின்னும் வரும். நம் அகராதி மரபு இதற்கு நேர்மாறானது. தரவுத்தளம் எவ்வரிசையைப் பின்பற்றும் என்பது நிறுவும்போது அமைந்த மொழி அமைப்பைச் சார்ந்தது. ஆதலால் வீட்டுக் கணினியில் கண்ட வரிசை வழங்கியில் மாறக்கூடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தமிழுக்குரிய ஐசியு வரிசைமுறையைத் தேர்ந்தால் இது தீரும்.

தரவுத்தளத்தின் காப்புப்படி இரவுதோறும் தானே உருவாகி, வழங்கிக்கு வெளியே சென்று சேருமாறு அமைக்க வேண்டும். அப்படியை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து, சொற்கள் முழுமையாகவும் அகரவரிசையிலும் உள்ளனவா எனப் பார்த்த பின்னரே செயலியின் முகவரியைப் பள்ளிக்குக் கொடுக்கலாம்.