புளூடூத்தை எப்போதும் ஆன் செய்து வைக்கலாமா?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்களில் பலர், அதில் புளூடூத் இயங்கிக் கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. மவுஸ், ஹெட்செட், செல்போன் போன்றவற்றைக் கேபிள் இன்றி இணைக்கும் இந்த ரேடியோ அலை, பொதுவாகச் சுமார் 10 மீட்டர் வரை செல்லும். வீட்டில் இதனால் கவலை குறைவு. ஆனால் மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் லேப்டாப்பைத் திறந்தால், அந்த 10 மீட்டருக்குள் முன்பின் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

2004ல் வந்த கேபிர் என்ற வோர்ம், சிம்பியன் செல்போன்களில் புளூடூத் வழியே பரவியது. பைலைப் பெறலாமா என்று போன் கேட்கும். “சரி” என்றால்தான் அது உள்ளே வரும். 2017ல் வெளியான புளூபோர்ன் குறைபாடுகள் இதைவிட மோசமானவை. அனுமதியும் வேண்டாம், பேரிங்கும் வேண்டாம். புளூடூத் ஆன் ஆகி இருந்தாலே போதும். விண்டோஸுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு ஜூலையிலேயே தந்துவிட்டது. அப்டேட்டைத் தள்ளிப்போட்ட கம்ப்யூட்டர்களில்தான் கதவு திறந்தே இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள்.

2. வெளியே செல்கையில், விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ் பிரிவில் புளூடூத் சுவிட்சை ஆப் செய்திடவும். உங்கள் மவுஸ் புளூடூத்தில் இயங்குவதாக இருந்தால் அதுவும் நின்றுவிடும். டச்பேடைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

3. நீங்கள் கேட்காமல் வரும் பைலையும் பேரிங் அழைப்பையும் ஏற்காதீர்கள்.

4. விற்றுவிட்ட அல்லது தொலைந்த செல்போன், ஹெட்செட் பெயர்களை அதே பிரிவில் உள்ள பட்டியலிலிருந்து நீக்கிவிடவும்.