குண்டை மட்டுமா மாற்றினேன்?

தனி ஊசலின் அலைவு நேரம் குண்டின் நிறையைப் பொறுத்ததன்று. ஊசலின் நீளத்தைப் பொறுத்தது என்று பாடநூல் கூறுகிறது. பள்ளி நாள்களில் நான் செய்த சோதனையோ வேறு விடை தந்தது. 25 செ.மீ. நூலில் சிறிய இரும்புக் குண்டைக் கட்டி, 20 அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்தேன். பிறகு அதே நூலில் பெரிய குண்டைக் கட்டினேன். முக்கால் விநாடி கூடுதலாயிற்று. மும்முறை செய்தும் அதே விடைதான். "புத்தகத்தில் உள்ளபடி எழுது" என்றார் ஆசிரியர். எழுதினேன், முழு மதிப்பெண் கிடைத்தது.

உண்மையில் கடிகாரமும் பிழை செய்யவில்லை, பாடநூலும் பிழை செய்யவில்லை. ஒன்றை மாற்றுவதாக எண்ணிக்கொண்டு நான் இரண்டை மாற்றியிருந்தேன். ஊசலின் நீளம் என்பது நூலின் நீளமன்று. தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையிலான தொலைவு. குண்டின் ஆரம் 1 செ.மீ. எனில் அது 26 செ.மீ.; ஆரம் 3 செ.மீ. எனில் 28 செ.மீ. பாடநூல் வாய்பாட்டின்படியே 20 அலைவுகளுக்கு முறையே சுமார் 20.5, 21.2 விநாடிகள் வருகின்றன. நான் அளந்த வேறுபாடு ஏறத்தாழ இதுவே!

1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ, ஈயக் குண்டையும் தக்கைக் குண்டையும் நான்கைந்து முழ நீளமுள்ள சமமான நூல்களில் தொங்கவிட்டதை விவரிக்கிறார். அத்தனை நீண்ட நூலில் குண்டின் ஆரம் ஓரிரு செ.மீ. மாறினாலும் பெரிதாகத் தெரியாது. சாண் நீள நூலில் அது முடிவையே புரட்டிவிடும்.

"பிற காரணிகளை மாறாமல் வைத்துக்கொள்க" என்று ஒரே வரியில் மாணவரிடம் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிற காரணிகள் எவை என்பதுதான் சோதனையின் கடினமான பகுதி. குண்டை எவ்வளவு விலக்கி விடுகிறோம் என்பதும் அவற்றுள் ஒன்று. 60 பாகை விலக்கினால் அலைவு நேரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடிவிடும். பொருந்தாத அளவீடு வரும்போதுதான் இத்தகைய காரணிகள் கண்ணில் படுகின்றன. அந்த அளவீட்டை அழித்துவிட்டுப் புத்தக விடையை எழுதச் சொல்வது, பாடம் தொடங்கும் இடத்திலேயே அதை முடித்துவிடுவதாகும். செய்முறை ஏட்டில் எதை மாற்றினாய், எதை அளந்தாய் என்பவற்றோடு, எதை எவ்வாறு மாறாமல் காத்தாய் என்றும் கேட்க வேண்டும். மதிப்பெண்ணும் அதற்கே கூடுதலாக வழங்க வேண்டும்.

அண்மையில் அதே சோதனையை வீட்டில் செய்து பார்த்தேன். பெரிய குண்டுக்கு நூலை 2 செ.மீ. குறைத்துக் கட்டினேன். கைத்தடுமாற்றத்துக்கு அப்பால் இம்முறை எந்த வேறுபாடும் இல்லை.