பதிவேட்டில் பெயரில்லாத வைத்தியர்

விருத்தாசலத்துக்குத் தெற்கே கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலாயினும், தமிழ்நாட்டின் வேறெந்தச் சிற்றூரிலாயினும், எண்பது ஆண்டு கண்ட பெரியோரைக் கேட்டுப் பாருங்கள். இளமையில் தமக்கு மருந்தளித்த நாட்டு வைத்தியர் ஒருவரை அவர்கள் நினைவு கூர்வார்கள். அவர் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். பகலில் ஏர் பிடித்தவராகவோ, தறியில் அமர்ந்தவராகவோ, நாவிதத் தொழில் புரிந்தவராகவோ இருந்திருப்பார். இரவில் கதவைத் தட்டினால் மருந்துப் பெட்டியுடன் புறப்படுவார். அறுவடை நாளில் ஒரு மரக்கால் நெல்லே அவர் பெற்ற கூலி.

அத்தகையவரின் பேரன் ஒருவன், "என் பாட்டனார் வைத்தியரா, போலியா?" என்று நம்மை வினவினால் என்ன விடை கூறுவோம்? ஒரு குடும்பத்தின் நற்பெயரும், சில வேளைகளில் அதன் நில உரிமையும், ஒரு தலைமுறையின் மருத்துவ அறிவும் அவ்விடையில் அடங்கியுள்ளன. ஆதலின் பழைய ஆவணங்களில் அவரைத் தேடும் வழியை இம்மாதம் ஆராய்வோம்.

வைத்தியருக்கு ஊர் நிலம் அளிப்பது நம் நாட்டில் தொன்று தொட்ட வழக்கம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டினது. அங்கிருந்த 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. அதன் வைத்தியரின் பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டன். அவர் ஆண்டுதோறும் பெற்ற நெல் 90 கலம், காசு 8. சல்லியக் கிரியை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர், நாவிதர் ஆகியோர்க்கும் தனித்தனியே படி குறிக்கப்பட்டுள்ளது. தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்தைய வைத்தியரின் பெயரும் ஊதியமும் நமக்குத் தெரிகின்றன. நூறு ஆண்டுக்கு முன் நம் தெருவில் வாழ்ந்தவரின் பெயரோ தெரியவில்லை. ஊரும் அரசும் ஒருவருக்குக் கொடுத்ததை எழுதி வைத்தன. அவர் பிறருக்குக் கொடுத்ததை எழுதி வைக்கவில்லை. இதுவே காரணம்.

எனவே முதலில் தேட வேண்டிய இடம் நிலக் கணக்கு. சென்னை மாகாணத்தில் 1858-இல் இனாம் கமிஷன் ஏற்பட்டது. மானிய நிலம் ஒவ்வொன்றும் எக்காரணத்துக்காக, எவரால், எவருக்கு அளிக்கப்பட்டது, அப்பொழுது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, வாரிசுகள் யாவர் என்பனவற்றை அது பதிவு செய்தது. வைத்தியத்துக்காக விடப்பட்ட மானியங்களும் அவ்வகைப் பதிவில் இடம் பெற்றன. நம் ஊர்ப் பெயரில் அத்தகைய பதிவு கிடைத்தால், வைத்தியரின் பெயரோடு மூன்று தலைமுறையும் ஒரே வரியில் கிடைத்துவிடும். சிறு இனாம்களை ஒழித்து இரயத்துவாரியாக்கிய 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த விசாரணைக் காகிதங்களும் இவ்வகையில் உதவும்.

பழைய கணக்குகளில் பசலி ஆண்டே காணப்படும். அதனோடு 590-ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை என்று கொள்க. கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. அவர்களிடமிருந்த கணக்குகள் பின்னர்க் கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்புக்கு வந்தன. பழையனவற்றை வட்டாட்சியர் அலுவலகத்திலும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்டல் வேண்டும். கருவேப்பிலங்குறிச்சியார் மற்றொன்றையும் மறத்தலாகாது. 1993-க்கு முற்பட்ட ஆவணங்களில் 'கடலூர் மாவட்டம்' என்று தேடினால் கிடைக்காது. 'தென்னார்க்காடு' என்று தேடுதல் வேண்டும்.

நிற்க. இனி 'உரிமம்' என்னும் சொல்லுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் 1914-இல் வந்தது. மேனாட்டு மருத்துவம் கற்றோரின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. நாட்டு வைத்தியம் செய்வதை அச்சட்டம் தடை செய்யவில்லை. ஆயினும் சட்டப்படி செல்லத்தக்க மருத்துவச் சான்றிதழ் வழங்கும் தகுதி பதிவு பெற்றோர்க்கே உரியதாயிற்று. மயிலாப்பூரில் ஆயுர்வேதக் கல்லூரியோடு தொடர்பு கொண்டமைக்காக டாக்டர் எம். கிருஷ்ணசாமி ஐயர் என்னும் பதிவு பெற்ற மருத்துவரே நடவடிக்கைக்கு உள்ளானார். அதனால் பெருங் கிளர்ச்சி எழுந்தது. 1921-இல் அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். 1923-இல் வெளிவந்த அதன் அறிக்கையின் இரண்டாம் பகுதியில் வைத்தியர்கள் தத்தம் மொழியில் எழுதியனுப்பிய சாட்சியங்கள் அச்சாகியுள்ளன. நாட்டு வைத்தியரின் சொந்தக் குரலைக் கேட்க விரும்புவோர் அதனைப் புரட்டிப் பார்த்தல் நன்று.

ஆகவே 1920-இல் பதிவின்றி வைத்தியம் பார்த்தவரைப் 'போலி' என்பது முறையன்று. அவருக்குரிய பதிவேடே அன்று பிறக்கவில்லை. ஆனால் இன்றைய நிலை வேறு. இந்திய மருத்துவ முறைகளுக்கான மத்தியச் சட்டம் 1970-இல் வந்தது. பரம்பரை அறிவு மட்டும் உடையோர், உரிய தகுதியும் பதிவும் இன்றி வைத்தியம் செய்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பாட்டனார் செய்ததைப் பேரன் அப்படியே தொடர இயலாது. ஒருவரை அவர் காலத்துச் சட்டத்தைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.

நீதிமன்ற ஆவணங்களும் ஒரு வாயில். ஆனால் அங்கே வைத்தியரின் முகம் வேறாகத் தோன்றும். 1887-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் சுகாரு கவிராயர் என்பவரின் வழக்கு நடந்தது. அவர் மூலநோய்க்குச் சாதாரணக் கத்தியால் அறுவை செய்தார். குருதி பெருகி நோயாளி மாண்டார். முன்னரும் அவ்வாறே அறுத்துப் பழகியவர் அவர். எனினும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தினின்று அவர் தப்பவில்லை. தவறியவரின் பெயர் சட்ட நூல்களில் இன்றும் நிற்கிறது. அக்காலத்தில் நூறு பேரைக் காத்தவர் பெயர் எங்குமில்லை. ஆவணத்தின் இயல்பு இது. அதை அறியாமல் தேடுவோர், கிராம வைத்தியர் அனைவரும் குற்றவாளிகள் என்றோ, நினைவை மட்டும் நம்பி அனைவரும் தன்வந்திரிகள் என்றோ முடிவு கட்டுவர். இரண்டும் பிழை.

1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராமங்களில் எழுதப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவேடு இப்பிழையைத் திருத்த ஒருவாறு உதவும். காலரா, அம்மை, சுரம் என்று வீட்டார் சொன்ன காரணம் அதில் இருக்கும். வைத்தியர் எத்தகைய காலத்தில், எவ்வளவு பெரும் கொள்ளைநோய்களின் நடுவே, எவ்வளவு சிறு பெட்டியுடன் நின்றார் என்பதை அது நமக்கு உணர்த்தும்.

நம் கைக்கு எட்டும் ஆவணம் ஒன்று எஞ்சியுள்ளது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது; அவ்வாண்டிலேயே திரூரில் சங்கம் பதிவாயிற்று. அன்று முதல் கடன் விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் 'கடனின் நோக்கம்' கேட்கப்பட்டு வருகிறது. உங்கள் சங்கத்தின் பழைய பேரேடுகளையும் தீர்மானப் புத்தகங்களையும் தூசி தட்டிப் பாருங்கள். மருந்துச் செலவுக்கு வாங்கிய கடன் அங்கே இருக்கலாம். உறுப்பினர் பட்டியலில் தொழில் 'வைத்தியம்' என்று ஒரு பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கவும் கூடும். பழங்காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வீட்டுப் பரணில் வைத்தியச் சுவடி இருப்பின், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ தஞ்சைச் சரசுவதி மகாலுக்கோ தெரிவியுங்கள். அதைப் படித்து மருந்து செய்து உண்ணத் துணியாதீர்கள். இரசமும் பாடாணமும் சேரும் முறைகளில், ஏடெழுதியவர் விட்ட ஓர் எழுத்து உயிரைக் குடிக்கும்.

பேரனின் வினாவுக்கு இனி விடை கூறலாம். "தம்பி, உன் பாட்டனார் பெயர் மருத்துவப் பதிவேட்டில் இல்லாதிருக்கலாம். மானியக் கணக்கில், சங்கப் பேரேட்டில், எண்பது வயது முதியவளின் நினைவில் தேடு. ஏட்டில் இருப்பவர் சிலரை நாளும் அழித்துக்கொண்டிருப்பது செல். நினைவில் இருப்பவரை அழிப்பது காலம். இவ்விரண்டும் வேலையை முடிப்பதற்குள் நீ எழுதி வை."