வெள்ளை அணுவின் மேல் ஒரு புரதம்

மாடு வளர்க்கும் அங்கத்தினர் சிலர், பிரிட்டனில் மாடுகளுக்குக் கண்ட பைத்திய நோயைப் பற்றி நம்மிடம் வினவியதுண்டு. 1986இல் அடையாளம் காணப்பட்ட அந்நோய், இறந்த பிராணிகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாடுகளுக்குத் தீவனமாக இட்டதனால் பரவியது. புல் தின்னும் பிராணிக்கு மாமிசம் ஊட்டிய சிக்கனத்தைப் பற்றி நாம் என்ன சொல்வது! அது மனிதரையும் பற்றியிருக்கிறது என்பதை அந்நாட்டு அரசாங்கம் 1996இல் அறிவித்தது. அங்கு மாண்டவர் ஏறக்குறைய 178 பேர், பலர் இளவயதினர்.

இந்நோயை உண்டாக்குவது சாதாரணக் கிருமியன்று, ஒரு புரதம். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினர் 1982இல் இதற்குப் பிரியான் எனப் பெயரிட்டார். வியப்பு யாதெனில், இப்புரதம் நம் ஒவ்வொருவர் உடலிலும் இயல்பாகவே இருக்கிறது. ஒரே துணியை இருவிதமாக மடிக்கலாமன்றோ? அதுபோல, சரியான மடிப்பில் உள்ள புரதம் தீங்கற்றது. கோணல் மடிப்புக் கொண்டதோ அடுத்துள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போல் மடித்துவிடுகிறது. (துணி அவ்வாறு செய்வதில்லை, உவமை அம்மட்டே.)

மூளையில் மிகுந்துள்ள இப்புரதம், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் மேற்புறத்திலும் ஒரு கொழுப்பு நங்கூரத்தால் பிணைக்கப்பட்டு நிற்கிறது. அவ்வணுக்களுள் டி அணு என்பது தூண்டப்பெற்றுச் செயற்படுங்கால் இதன் அளவு கூடுகிறது. ஆயினும், இப்புரதம் அறவே இல்லாத சுண்டெலிகளை 1992இல் சூரிச் நகரத்து விஞ்ஞானிகள் உருவாக்கியபோது, அவை நலமாகவே வளர்ந்தன. பின்னர் நோய்ப்பொருளைச் செலுத்தியும் அவை நோயுறவில்லை. நல்ல புரதம் இல்லாத இடத்தில் கோணற் புரதம் பெருக வழியில்லை.

உணவு வழியே புகுந்த கோணற் புரதம் முதலில் டான்சில், மண்ணீரல், நிணநீர்க் கணு ஆகிய எதிர்ப்புச் சக்தி உறுப்புகளில் பெருகி, பின் நரம்பு வழியே மூளையை அடைகிறது. இதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை அம்மனிதர் நலமாகவே தோன்றுவார்; இரத்த தானமும் செய்வார். ஆகவே பிரிட்டனில் 1999 முதல், தானமாகப் பெறும் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை வடிகட்டி நீக்கலாயினர். வடிகட்டுதல் அபாயத்தைக் குறைக்கும், முற்றும் போக்காது.

அந்த அச்சம் வீணன்று. இரத்தம் ஏற்றிக்கொண்ட மூவருக்கு அந்நோய் கண்டது. முதல் நிகழ்ச்சி 2003இல் அறிவிக்கப்பட்டது. வேறு காரணத்தால் இறந்த நான்காமவரின் மூளையில் கோணற் புரதம் காணப்படவில்லை. மண்ணீரலிலும் நிணநீர்க் கணுவிலும் இருந்தது. நால்வருக்கும் ஏற்றப்பட்டது வடிகட்டாத இரத்தம்.