இருப்பு எவ்வளவு, இன்ஷூரன்ஸ் எவ்வளவு?

"நம் கடைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று வணிகப் பெருமக்கள் பலர் சொல்கிறார்கள். எவ்வளவு தொகைக்கு என்று கேட்டால், "பேங்கில்தான் போட்டார்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்பார்கள். அந்தத் தொகையில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு மளிகைக் கடையில் ரூ.20 லட்சம் சரக்கு இருக்கிறது. பேங்க் கடன் ரூ.10 லட்சம். கடன் அளவுக்கே பாலிசியும் போட்டாகிவிட்டது. தீப்பிடித்து ரூ.4 லட்சம் சரக்கு கருகிவிடுகிறது. பாலிசித் தொகைக்குள்தானே நஷ்டம், முழுதும் வந்துவிடும் என்று நினைப்போம். வராது. பாதிச் சரக்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறோம். எனவே நஷ்டத்திலும் பாதிதான், அதாவது ரூ.2 லட்சம்தான் கணக்கு. அதிலும் பாலிசியில் கண்ட பிடித்தம் போகும். மிச்சமும் முதலில் பேங்குக்கே போய்ச் சேரும். சரக்குக் கொடுத்த எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளின் பாக்கி அப்படியே நிற்கும்.

ஓரிடத்தில் ரூ.5 கோடி மதிப்பு வரை உள்ள தொழில்களுக்கென்று 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி நடைமுறையில் உள்ளது. தீ, மின்னல், புயல், வெள்ளம், கலவரம் எல்லாம் இதில் அடங்கும். தொகை 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் மேலே சொன்ன வெட்டு கிடையாது. அதற்கு மேல் குறைந்தால் உண்டு.

கவனிக்க வேண்டியவை:

1. சரக்கைக் கொள்முதல் விலைக்கே மதிப்பிட வேண்டும். லாபம் சேராது.

2. தீபாவளி, பொங்கலுக்குச் சரக்கு ஏற்றும்போது பாலிசித் தொகையையும் கூட்டி, எழுத்து மூலம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

3. குடோன் வேறிடத்தில் இருந்தால் அந்த விலாசமும் பாலிசியில் வர வேண்டும்.

4. பூட்டை உடைத்துத் திருடினால் தீ பாலிசியில் பணம் கிடைக்காது. களவுக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

5. பிரீமியம் முன்கூட்டியே சேர்ந்தால்தான் கம்பெனிக்குப் பொறுப்பு. பழைய பாலிசி முடிந்து ஒரு நாள் பிந்தினாலும் அந்த நாளின் நஷ்டம் நம்முடையது.

6. நஷ்டம் நேர்ந்தால் உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். நல்ல சரக்கை அப்புறப்படுத்திக் காப்பாற்றுங்கள். கெட்டதை சர்வேயர் பார்க்கும் முன் கொட்டிவிடாதீர்கள்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளிலும் வந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. தண்ணீர் புகுந்தால் மூட்டையோடு கணக்குப் புத்தகமும் நனையும். கொள்முதல் பில், ஸ்டாக் கணக்கு இல்லாமல் இருப்பை நிரூபிப்பது கடினம். நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

இந்த வாரமே பாலிசியை எடுத்துத் தொகையைப் பாருங்கள். பிறகு குடோனுக்குப் போய் மூட்டைகளை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஏஜெண்டைக் கூப்பிடுங்கள்.